வீட்டில் இல்லை

எங்கள் ஆராய்ச்சி அலுவலகம் என்பது ஒரு கப்பல் கண்டெய்னர். பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, ஏசி பொருத்தி, கதவில் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே நான் இருப்பேன். வெளியே படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளிஃப்டன் இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் டீசல் என்ற நாய் படுத்திருக்கும். கிளிஃப்டனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் டீசலிடம் சொல்வேன்.

"டீசலு, இன்னைக்கு நாலு வீடு. கடைசி வீட்டுப் பய ஊசின்னாலே கூரை மேல ஏறிக்குவான்."

பதில் படியிலிருந்து வரும். அதுவும் நாய்க்குத்தான்.

"டீசலு, அந்த வீட்ல ஏணி இருக்கான்னு கேட்டு வை."

அவர் எனக்கு மருமகன் முறை. என் பெண்ணை அவர் கட்டவில்லை, எனக்குப் பெண்ணே கிடையாது. ஆனால் அவர் மனைவி ராமோனா எனக்கும் என் தங்கைகளுக்கும் மகள் முறை. அவ்வளவு போதும். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, ஒரே வண்டியில் ஏறக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. நான் மேலே பெயரை எழுதியதே அதிகம். இனி மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், டூ மைல் போர் என்ற எங்கள் பூர்வகுடி ஊரில் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம், யாருக்கும் இது பெரிய விஷயமில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மண் சாலையில் நாலு மணி நேரம் குலுங்கி வருகிறவர்களுக்குத்தான் விளங்காது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! காது ஆராய்ச்சி வந்தது. சர்க்கரை ஆராய்ச்சி இரண்டு முறை வந்தது. தூங்குவதை அளக்கக் கையில் கடிகாரம் கட்டிவிட்டார்கள், பிள்ளைகள் அதை நாய்களுக்குக் கட்டி விட்டார்கள். நாய்கள் நன்றாகத் தூங்குகின்றன என்று எங்களைப் பற்றி எங்கேயோ அச்சாகியிருக்கும். பதினெட்டு ஆராய்ச்சிக்கு நான் வேலை செய்திருக்கிறேன். கேள்வி கேட்டுக் கேட்டு என் வாய்தான் தேய்ந்தது. இப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. கால் வீங்குகிறது, சாயங்காலம் ஆனால் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாவது ஆராய்ச்சி மட்டும் நாங்கள் கேட்டு வந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வருகிறது. தொண்டைப் புண்ணில் தொடங்கும், மூட்டுக்கு வரும், கவனிக்காவிட்டால் இதயத்தின் வால்வைத் தின்னும். ஒருமுறை வந்துவிட்டால் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும். மருந்து பசை மாதிரி கெட்டி. அவசரமாக ஏற்றினால் வலியில் உயிர் போகும். கிளினிக்கில் மூன்று வாரத்துக்கு ஒரு புது நர்ஸ் வருவாள். காலையிலிருந்து காத்திருக்க வைத்து, பெயரைத் தப்பாகக் கூப்பிட்டு, ஒரே குத்தாகக் குத்தி அனுப்புவாள். பிள்ளைகள் அடுத்த மாதம் ஓடி ஒளியாமல் என்ன செய்யும்?

பிரான்வின் என்ற டாக்டர் முதல் தடவை வந்தபோது பெண்கள் கூடி இதைத்தான் சொன்னோம். எங்கள் ஆளே வீட்டுக்கு வந்து ஊசி போடட்டும். அவள் வாதாடவில்லை. குனிந்து எழுதிக்கொண்டாள். மறு மாதம் வந்து, எழுதியதை எங்களுக்கே படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை கூட மாறவில்லை. எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

"உனக்கு இங்க யாரும் இல்ல. நீ எனக்குத் தங்கச்சியா இருந்துக்கோ," என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டாள். அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். சும்மா வாய் வார்த்தைக்கு இல்லை. எங்களில் ஒருத்தரைத் தங்கை என்றால் முறை மொத்தமும் கூடவே வந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து ஊசி போட ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஆலிஸுக்குப் போய்ப் படித்துத் தேறி வந்தவர் மாப்பிள்ளை ஒருத்தர்தான். அவர் கை அப்படி ஒரு கை. ஊசிக்குழலை அக்குளில் வைத்துக் குளிர் போக்குவார். போடும் இடத்தில் கட்டை விரலை அழுத்தி, கால்பந்து ஸ்கோரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே மெல்ல மெல்ல ஏற்றுவார். பிள்ளைகள் அழுததில்லை.

பிறகு குலுக்கல் வந்தது. பாதி வீட்டுக்கு வீட்டு ஊசி, பாதி வீடு கிளினிக்குக்கே போக வேண்டும். எந்த வீடு எதில் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

"நாங்களே பிரிச்சுத் தரோமே," என்றேன்.

"அப்படிப் பண்ணா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. வேண்டியவங்களுக்குப் பண்ணிட்டீங்கம்பாங்க."

என் தங்கை வினியின் வீடு வீட்டு ஊசிப் பக்கம் வந்தது. வினியின் பெண் டார்னியாவுக்குப் பதினாறு வயது, ஐந்து வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறாள். பட்டியலைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே அந்த வீட்டுக்கு ஊசியோடு வரப்போவது யார் என்பது நினைவுக்கு வந்தது.

ஊர் முழுக்கக் கூடைப்பந்து மைதானத்தின் கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை தூரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தார். பிரான்வின் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க முறையில, வழக்கத்துல, இதுல ஏதாவது இடிக்குதா? இருந்தா இப்பவே சொல்லுங்க, மாத்திடலாம்."

நல்ல கேள்வி. பதினெட்டு ஆராய்ச்சியில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. ஆனால் அதை அத்தனை பேர் முன்னாலா கேட்பது? மாப்பிள்ளையின் காது கேட்க, அவருடைய மாமியார்களில் ஒருத்தி எழுந்து, அவரால் எங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாது என்று சொல்வதா? மண்ணுக்குள் புதைந்துவிடலாம். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பளம் வாங்குகிறவள் நான்தானே.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

வினி பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். "என்னக்கா சரி? அவரு எப்படி எங்க வீட்டுக்கு..."

"வாயை மூடுடி. பின்னாடி பாத்துக்கலாம்."

பிரான்வின் 'இடிப்பது ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

மாப்பிள்ளை ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தாளில் நாலு கட்டம். ஊசி போட்டாச்சு. வேண்டாம் என்றார்கள். வீட்டில் இல்லை. ஊர் மாறிவிட்டார்கள். ஆகஸ்ட் மாதம் டார்னியாவின் தாளில் 'வீட்டில் இல்லை' என்று டிக் இருந்தது. விளையாடப் போயிருப்பாள் என்று நினைத்தேன். செப்டம்பரிலும் அதே. மாமியார் திண்டாட்டத்துக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. பாவம், அவரும்தான் எதை டிக் செய்வார்?

இரண்டாவது மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன்.

அவரிடம் நான் கேட்க முடியாது. டீசலிடம் சொல்லிச் சமாளிக்கிற சங்கதியா இது? வினியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது வினியும் நானும் பேச்சு வார்த்தை இல்லை. வாஷிங் மெஷினை நான் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கவில்லையாம். கொடுக்கவில்லைதான். பிரான்வினிடம் சொல்லியிருக்கலாம். வாரா வாரம் போன் செய்வாள். கண்டெய்னருக்குள் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கும், படியில் அவர் உட்கார்ந்திருப்பார். "வினி வீட்ல என்னக்கா, ரெண்டு மாசமா இல்ல?" என்று அவள் கேட்டபோது, "அவங்க ஊர் ஊராப் போய்ட்டு வருவாங்க," என்று சொல்லிவிட்டேன். டார்னியாவை நானே என் வண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கலாம். இரண்டு தரம் போட்டுவிடக் கூடாதென்று கிளினிக் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்ததே நான்தான். வண்டி டயர் பஞ்சர். இதெல்லாம் காரணமா? எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஜனவரியில் ஒரு நாள் கடையில் டார்னியாவைப் பார்த்தேன். ரொட்டியும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள்.

"ஏன்டி நொண்டுற?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. நேத்து மேட்ச்ல சுளுக்கிடுச்சு."

"எந்தக் கால்?"

"நேத்து வலது. இன்னைக்கு இடது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. குனிந்து முழங்காலைத் தொட்டேன். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கொதித்தது. நெற்றியும் அப்படித்தான் இருந்தது.

"கடைசியா எப்ப ஊசி போட்ட?"

"ஜூலைக் குளிர்ல. கிளினிக்ல."

"அப்புறம் வண்டி வரலியா?"

"வருமே." பெண் வெட்கப்பட்டாள். அவருக்கு அவள் முறைப்பெண்ணாயிற்றே. "வந்து அந்த வேலிகிட்ட தூரமா நிக்கும். ஆரன் அடிக்கும். அம்மா உடனே போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டு உள்ள ஓடிடும். என்னையும் இழுத்துட்டுப் போய் 'மூச்சு விடாத, மருமவன் நிக்கிறாரு'ன்னு வாயைப் பொத்திடும்."

"உன்னை மட்டும் வண்டிக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. பதினாறு வயசுப் பெண்ணைத் தனியாக முறைமாப்பிள்ளையின் வண்டிக்கு அனுப்பினால், பொழுது சாய்வதற்குள் ஊர் கல்யாணமே முடித்துவிடும்.

"ச்சீ, போங்க பெரியம்மா," என்றாள் டார்னியா.

அவள் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரர் வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அந்த மாதத்துப் புது நர்ஸ் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு ஆலிஸ் டாக்டரைத் திரையில் கூப்பிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி விமானம் இறங்கிவிட்டது.

வினி ஒரு பிளாஸ்டிக் பையில் துணியைத் திணித்துக்கொண்டு ஓடி வந்தாள். டார்னியாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வினி படியில் கால் வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"பின்னாடி பாத்துக்கலாம்னியேக்கா."

விமானம் கிளம்பிப் புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றேன். ஆலிஸிலிருந்து தெற்கே அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். வால்வு கிழிந்திருந்ததாம். நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து பிரான்வின் வந்தாள். கண்டெய்னருக்குள் என் எதிரே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். வழக்கம் போல மாப்பிள்ளை வெளியே படியில் இருந்தார். அவளுக்கு அதைப் பற்றி யோசனை இல்லை.

"அக்கா, வீட்டு ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. கிளினிக்கை விட எவ்வளவோ மேல. ஆனா ஒன்பது வீட்ல ஒரு ஊசி கூடப் போகல. ஒன்பதுலயும் 'வீட்டில் இல்லை'. டார்னியா அதுல ஒண்ணு."

"ம்."

"வண்டியில ஒரு பெட்டி இருக்கு, எங்க நின்னுது, எவ்வளவு நேரம் நின்னுதுன்னு காட்டும். இங்க பாருங்க." வரைபடத்தில் வினியின் வீட்டு வேலியோரம் சிவப்பு வட்டம். "ஆகஸ்ட்ல ஒரு மணி ஐம்பது நிமிஷம். செப்டம்பர்ல ரெண்டு மணி. டிசம்பர்ல மூணு மணி நேரம், அன்னைக்கு வெயில் நாப்பத்து மூணு. வீட்ல யாரும் இல்லேன்னா அங்க மூணு மணி நேரம் என்ன வேலை?" குரலைத் தாழ்த்தினாள், ஆனால் கண்டெய்னரில் எதையும் தாழ்த்த முடியாது. "ஏசியைப் போட்டுட்டுத் தூங்கியிருக்காருக்கா. எங்க கமிட்டி அவரை நிறுத்தச் சொல்லுது. அந்தப் பொண்ணுக்கு இப்படி ஆனப்புறம் நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

மூன்று மணி நேரம். ஐஸ் உருகி மருந்து கெட்டுப்போகிறவரைக்கும் நின்றிருக்கிறார். யாராவது வெளியே வருவார்கள் என்று வெளியே அவர், அவர் போய்விடுவார் என்று உள்ளே வினி. நான் இங்கே ஏசியில் உட்கார்ந்து தாள்களைக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். படியில் அந்த முதுகு அசையவில்லை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது, யார் மேல் என்று கேட்டால் என்மேல்தான்.

"தூக்கமா? நாப்பத்து மூணு டிகிரியில எவன்டி ரோட்ல நிறுத்தித் தூங்குவான்? அந்த ஒன்பது வீட்டுப் பொம்பளைங்க பேரைப் படி."

படித்தாள். 

"அவங்கெல்லாம் எனக்கு யாரு?"

"தங்கச்சி முறை... எல்லாருமா?"

"எல்லாரும். அப்ப வெளிய உக்காந்திருக்கிற மனுஷனுக்கு?"

அவள் யோசித்தாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி விரலை மடக்கினாள். "ராமோனா உங்களுக்கு மகள் முறை... அவங்க எல்லாம் அவருக்கு மாமியார்." பிறகு நிமிர்ந்தாள். "அக்கா, நான் உங்க தங்கச்சி."

"ஆமா."

"ரெண்டு வருஷமா அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் வந்தா எழுந்து போயிடுவாரு. கூச்ச சுபாவம்னு நினைச்சேன்."

"நீ அவருக்கு மாமியார்டி. உன்னை நான்தான் ஆக்கினேன். அவரு உன்கிட்டயும் சொல்ல முடியாது, என்கிட்டயும் சொல்ல முடியாது. தாள்ல நாலு கட்டம். அவரு எங்க போவாரு?"

பிரான்வின் மடிக்கணினியை மூடினாள். முகம் வெளுத்திருந்தது. வெள்ளைக்காரி இதற்கு மேல் வெளுப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"நான் கேட்டேனேக்கா. அன்னைக்கு மைதானத்துல கேட்டேன்."

"கேட்ட. நான் எல்லாம் சரின்னேன். ரெண்டாவது மாசம் தெரிஞ்சுது, அப்பவும் சொல்லல. எழுதிக்கோ. என் பேரைப் போட்டே எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. நான் படியைப் பார்த்தேன். யாருமில்லை. வண்டிச் சாவியும் ஐஸ் பெட்டியும் அங்கே இருந்தன. அவரைப் பற்றி, அவர் காது கேட்க, மாமியார் முறை சொல்லி, உரக்கப் பேசிவிட்டேன். அதற்கு அவர் வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. முப்பத்தோரு பிள்ளைகளுக்கு நாள் வந்துவிட்டது. பாதிப் பேரைக் கிளினிக்குக்கு இழுத்துப்போனோம். மீதிப் பேர் ஓடிவிட்டார்கள்.

பிரான்வின் ஊருக்குத் திரும்பாமல் தங்கினாள். பல்கலைக்கழகத்தோடு நாள் பூராவும் போனில் சண்டை போட்டாள். வண்டியில் ஆராய்ச்சி ஆட்களைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, இன்சூரன்ஸாம். ராமோனாவை வேலைக்கு எடுத்துக்கொண்டால் அவள் கணவனோடு வண்டியில் போகலாம். மாமியார் வீடுகளில் ராமோனா உள்ளே வந்து பேசுவாள், ஊசி போடும்போது பிள்ளையின் பக்கத்தில் இருப்பாள். இத்தனை சுலபமான காரியம். முதல் நாளே மைதானத்தில் ராமோனா எனக்கு இரண்டு கை தள்ளி உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. பிறகு நான் ராமோனாவின் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை வேலியிலேயே நிறுத்திவிட்டாள், அவர் உள்ளே இருக்கிறார் என்று தலையை ஆட்டிக் காட்டினாள்.

"பேசறதே இல்லம்மா. ஒருவாட்டி மட்டும் சொன்னாரு, அந்தப் பொண்ணு நெஞ்சைக் கிழிச்சது என்னாலதான்னு."

"என்னாலன்னு சொல்லு. வர்ற புதன்கிழமை டார்னியாவுக்கு ஊசி. நானும் வினியும் அந்த வீட்ல இருக்க மாட்டோம். தண்ணி டேங்குக்குப் பின்னாடி போயிடுவோம். நீ கூட வரணும். இதை அப்படியே சொல்லு."

"வருவாரான்னு தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. சொல்லு."

ஆறு வார ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வினியும் டார்னியாவும் அதற்குள் திரும்பி வந்திருந்தார்கள். டார்னியா மெலிந்துபோயிருந்தாள். கழுத்துக்குக் கீழே தழும்பு தெரியாமலிருக்கக் கோடையிலும் மேலே ஜாக்கெட் போட்டிருந்தாள். அடிலெய்டில் தினம் மூன்று முறை ஊசி குத்தியிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஊசிக்குச் சிரிக்கிற பெண், இப்போது கிளினிக் வாசலைப் பார்த்தாலே நடுங்கினாளாம். மாப்பிள்ளையின் கையைப் பற்றி மற்றப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருந்தாள், அவர் ஒருத்தரிடம் என்றால் சரி என்றாளாம்.

செவ்வாய்க்கிழமை வாஷிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வினியின் வீட்டுக்குப் போனேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"நான் போக மாட்டேன்," என்றாள்.

"வினி..."

"ஆறு வாரம் அவ கையை நான் விடலக்கா. நெஞ்சைத் திறக்க உள்ள கொண்டுபோனப்ப கதவு வரைக்கும் பிடிச்சிருந்தேன். இப்ப ஊசிக்கு விட்டுட்டு டேங்குக்குப் பின்னாடி போய் உக்காரச் சொல்றியா? நான் இருந்தா என்ன? போர்வையைப் போத்திக்கிட்டு மூலையில இருக்கேன்."

"நீ இருந்தா அவரு வாசப்படி ஏற மாட்டாரு. உனக்கே தெரியும்."

"நீ பக்கத்துல இரு அப்ப."

"நானும் மாமியார்தானே?"

வினி என்னை உற்றுப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க," என்றாள். "அன்னைக்கு மட்டும் வச்சிருக்கல."

அடித்திருந்தாலும் பரவாயில்லை. வாஷிங் மெஷினைக் கொல்லைப்பக்கம் வைக்கச் சொன்னாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். டார்னியா மெத்தையில் உட்கார்ந்து தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வினி ஒவ்வொரு விரலாக அவள் கையைப் பிரித்தாள். "ராமோனா அக்கா வருவா. அவளைப் பிடிச்சுக்கோ," என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் என் முன்னால் நடந்தாள்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. வெயில் ஏறியது. வினி மண்ணில் கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். பத்தேகால் மணிக்கு, "வரலக்கா," என்றாள். அவள் குரலில் ஒரு துளி நிம்மதி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

"இரு."

இன்னும் கொஞ்ச நேரத்தில் சாலையில் எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பக் கூடாது, காதால்தான் பார்க்க வேண்டும். வேலியோரம் வந்தபோது சத்தம் தணிந்தது. பிறகு சத்தம் மறுபடி எழுந்து, வேலியைத் தாண்டி, வாசல்வரை போய் நின்றது. வண்டிக்கதவு இரண்டு முறை சாத்தப்பட்டது. ராமோனாவின் குரல் கேட்டது, ஏதோ கிண்டல் செய்கிறாள். பிறகு வீட்டுக்கதவு திறந்தது.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஊசிக்குழலை அக்குளில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டை விரலை அழுத்தியிருப்பார். இப்போது ஸ்கோரைப் பற்றிப் பேச்சு எடுத்திருப்பார்.

டார்னியா அலறினாள். முன்பு ஒருநாளும் அழாதவள்.

"அம்மா! அம்மா, வாம்மா!"

வினி எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். தடுமாறி மண்டியிட்டாள்.

"விடுக்கா. கூப்பிடுறா. என்னைக் கூப்பிடுறாக்கா."

"உக்காரு."

"செத்துப்போவேன்க்கா."

"உக்காருடி. நீ போனா அவரு ஊசியைப் பாதியில உருவிட்டுப் போயிடுவாரு."

அந்த மருந்து கெட்டி, மெதுவாகத்தான் இறங்கும். அவர் அவசரப்பட மாட்டார். பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வினி என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள், நான் இரண்டு கையாலும் அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.